ஆடிக்கும் நிறம் உண்டு

தொலைநோக்கியைப் பற்றிப் பேச வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே தீர்ப்போடுதான் வருகிறார்கள். லென்ஸ் ஒளியை வளைத்துக் குவிக்கிறது. ஒவ்வொரு நிறமும் ஒவ்வோர் அளவில் வளைவதால் நீலம் ஓரிடத்திலும் சிவப்பு வேறிடத்திலும் குவிந்து, பிம்பத்தின் ஓரத்தில் வண்ணக் கரை படிகிறது. ஆடி அப்படியல்ல, வந்த ஒளியைத் திருப்பி அனுப்புவதோடு அதன் வேலை முடிந்தது. படுகோணமும் எதிரொளிப்புக் கோணமும் எல்லா நிறத்துக்கும் சமம் என்பதால் ஆடிக்கு நிறபேதம் கிடையாது, எல்லா அலைநீளத்தையும் அது ஒரே மாதிரி குவித்துவிடும். எனவே லென்ஸ் காலாவதியான சரக்கு, ஆடியே முடிந்த முடிபு. தேர்வில் இது இரண்டு மதிப்பெண் விடை. அறிவியல் மேடைகளில் கைதட்டல் வாங்கும் விளக்கம். தொலைநோக்கி வாங்கக் கடைக்குப் போகிறவருக்கு முதல் ஆலோசனை.

இந்தத் தீர்ப்பில் பாதி அரை உண்மை, மீதி தவறு. தவறான ஒரு வரியை மாணவன் மனப்பாடம் செய்கிறான் என்பதோடு போனால் பொறுத்துக்கொள்ளலாம். ஒளியைப் பற்றி அவன் கேட்டிருக்க வேண்டிய மிக நல்ல கேள்வியை இந்த வரி கேட்கவிடாமல் செய்துவிடுகிறது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கிக்கு ஏன் தங்கப் பூச்சு, ரேடியோ தொலைநோக்கி ஏன் வெறும் கம்பி வலையாக இருக்கிறது, எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியின் ஆடிகள் ஏன் ஒன்றுக்குள் ஒன்று செருகிய குழாய்களாக இருக்கின்றன என்ற மூன்றுக்கும் அவனிடம் பதில் இல்லை. மூன்றையும் வியப்புச் செய்தியாகப் படித்துவிட்டுத் தாண்டிப் போகிறான்.

சரியான பகுதியை முதலில் ஒப்புக்கொள்கிறேன். குழியாடியின் குவியத்தூரம் அதன் வளைவைப் பொறுத்தது. ஒளிவிலகல் எண்ணுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. ஆகவே ஆடியில் பட்டுத் திரும்பும் சிவப்பும் நீலமும் ஒரே புள்ளியை நோக்கித்தான் போகும். இதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் 'பட்டுத் திரும்பும்' என்ற நிபந்தனையை யாரும் நின்று பார்ப்பதில்லை. திரும்புமா, எவ்வளவு திரும்பும், திரும்பியது எவ்வளவு சிறிய புள்ளியாகச் சேரும் என்ற மூன்றையும் தீர்மானிப்பது அலைநீளம். விதி கோணத்தைப் பற்றி மட்டும் பேசுகிறது. நம் ஆசிரியர்களும் பேச்சாளர்களும் அதை ஆடியைப் பற்றிய முழுத் தீர்ப்பாக நீட்டிவிட்டார்கள்.

தங்கத்தையே எடுத்துக்கொள்வோம். மெருகிட்ட தங்கம் நல்ல ஆடி. அகச்சிவப்பில் தன்மீது விழுவதில் 98 விழுக்காடு அளவுக்குத் திருப்பி அனுப்பும். நீல ஒளியில் பாதியைக்கூடத் திருப்பாது, விழுங்கிவிடும். அதனால்தான் தங்கம் மஞ்சளாகத் தெரிகிறது. ஆடிக்கு நிறபேதம் இல்லை என்கிறவர் தன் கைமோதிரத்தைப் பார்த்தாலே போதும். ஜேம்ஸ் வெப்பின் ஆடி 18 பெரிலியத் துண்டுகளால் ஆனது. அதன்மேல் 100 நானோமீட்டர் தடிமனில் தங்கம் பூசியிருக்கிறார்கள். அந்தத் தொலைநோக்கியின் பார்வை ஏறத்தாழ 0.6 மைக்ரோமீட்டரில், அதாவது ஆரஞ்சு நிறத்தருகே தொடங்குவதற்கு இந்தப் பூச்சும் ஒரு காரணம். ஹப்பிள் புற ஊதாவிலும் பார்க்க வேண்டியிருந்ததால் அதற்கு அலுமினியம் பூசினார்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியில் வெள்ளி அலுமினியத்தையும் மிஞ்சும். ஆனால் 320 நானோமீட்டர் பக்கம் வந்ததும் அது ஆடியாக இருப்பதையே ஏறக்குறைய நிறுத்திவிடுகிறது. எந்த உலோகத்தைப் பூசுவது என்ற முடிவை எடுக்கும் ஒவ்வொரு முறையும் வானியல் பொறியாளர் ஆடியின் நிறத்தோடுதான் மல்லுக்கு நிற்கிறார்.

அடுத்து வடிவம். சரியான பரவளைய வடிவம் இருந்தால் ஒளி புள்ளியாகக் குவியும் என்று பாடம் சொல்கிறது. இதைச் சோதிக்க ஊட்டிக்கு அருகே முத்தோரை வரை போனால் போதும். அங்கே மலைச்சரிவில் 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட ஓர் ஆடி 1970 முதல் இயங்கிவருகிறது. கோவிந்த் சுவரூப் தலைமையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் எழுப்பியது. சரிவின் சாய்வு 11 பாகை, அந்த இடத்தின் அட்சரேகைக்குச் சமம். அதனால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் அச்சுக்கு இணையாக அமைந்துவிட்டது. ஒரே அச்சில் சுழன்றால் போதும், வான்பொருளைப் பல மணி நேரம் பின்தொடரலாம். இடத்தின் புவியியலையே பொறியாக மாற்றிய அந்த யோசனையை எத்தனை முறை பாராட்டினாலும் தகும்.

ஆனால் என் வாதத்துக்கு வேண்டியது அந்த ஆடியின் பரப்பு. பக்கத்தில் நின்று அண்ணாந்து பார்த்தால் பரப்பு என்று ஒன்றுமே இல்லை. 24 பரவளையச் சட்டங்கள், அவற்றின்மேல் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய 1100 துருப்பிடிக்காத எஃகுக் கம்பிகள், அவ்வளவுதான். ஒவ்வொரு கம்பியும் அரை மில்லிமீட்டரைவிட மெல்லியது; கம்பிக்கும் கம்பிக்கும் இடையில் ஏறத்தாழ மூன்று சென்டிமீட்டர் இடைவெளி. அதன் வழியே வானம் தெரிகிறது, மேகம் தெரிகிறது, மழை தடையின்றிக் கீழே இறங்குகிறது. கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கு அது ஆடியே அல்ல. 92 சென்டிமீட்டர் அலைநீளமுள்ள ரேடியோ அலைக்கோ அது முழுமையான ஆடி. இடைவெளி அலைநீளத்தில் முப்பதில் ஒரு பங்குதான் என்பதால் அந்த அலைக்கு ஓட்டை தென்படுவதே இல்லை. அதிலும் மின்புலம் கம்பியின் திசையில் அதிரும் அலையை மட்டுமே அது திருப்புகிறது. குறுக்கே அதிர்வது உள்ளே புகுந்து போய்விடுகிறது. இப்படிப்பட்ட பொருளைப் பார்த்தபின் ஆடி எல்லாக் கதிர்களையும் ஒன்றாக நடத்துகிறது என்று எப்படிச் சொல்ல முடியும்?

குவியும் புள்ளி எவ்வளவு சிறியது என்பதையும் கணக்கிட்டுப் பார்ப்போம். எந்த ஆடியும் எந்த லென்ஸும் ஒளியைக் கணிதப் புள்ளியாகக் குவிப்பதில்லை. விளிம்பு விளைவால் அது ஒரு பொட்டாகப் பரவுகிறது. அலைநீளத்தைத் துளையின் அகலத்தால் வகுத்தால் அந்தப் பரவலின் கோணம் ஏறத்தாழக் கிடைக்கும். ஊட்டித் தொலைநோக்கிக்கு 92 சென்டிமீட்டரை 530 மீட்டரால் வகுக்கிறோம். விடை பாகையில் பத்தில் ஒரு பங்கு. இரண்டு, மூன்று மில்லிமீட்டர் அகலமுள்ள நம் கண்மணி பாகையில் அறுபதில் ஒரு பங்கைப் பிரித்தறிகிறது. அதாவது அரை கிலோமீட்டர் நீளமுள்ள ஆடி, தன் நீளவாக்கில்கூட, மனிதக் கண்ணைவிட ஆறு மடங்கு மங்கலாகத்தான் பார்க்கிறது. குறுக்குவாக்கில் இன்னும் மங்கல். வடிவம் பிழையற்றது, ஆடி பிரம்மாண்டமானது, ஆனாலும் அலைநீளம் தன் வரியை வசூலித்துவிட்டது.

சுவரூப்பும் அவருடைய குழுவினரும் இந்த மங்கலுக்கு அடங்கிப்போகவில்லை. நிலா ஒரு ரேடியோ ஊற்றை மறைக்கும் தருணத்தில் அதன் அலை எப்படிப் படிப்படியாகக் குறைகிறது என்று பதிவு செய்தார்கள். நிலாவின் விளிம்பு கத்திபோல் வெட்டுவதால், ஆடியால் காண முடியாத நுட்பம் நேரக் கணக்கிலிருந்து கிடைத்தது. தொலைதூர ரேடியோ ஊற்றுகளின் கோண அளவுகளை அப்படி அளந்ததில் வந்த முடிவுகள், அண்டம் என்றும் ஒரே நிலையில் இருக்கிறது என்ற கொள்கைக்கு எதிரான சான்றாக 1970களில் நின்றன. ஆடியின் குறை என்னவென்று தெளிவாகத் தெரிந்துவைத்திருந்தவர்களால்தான் இந்த வழியைத் தேட முடிந்தது. ஆடிக்குக் குறையே இல்லை என்று நம்பியிருந்தால் நிலாவைத் துணைக்கு அழைக்கத் தோன்றியிருக்காது.

பரப்பு எவ்வளவு வழவழப்பாக இருக்க வேண்டும் என்பதும் அலைநீளத்தின் உத்தரவுதான். பிழை அலைநீளத்தில் இருபதில் ஒரு பங்குக்குள் இருந்தால் நல்ல குவியம் கிடைக்கும் என்பது பொதுவான கணக்கு. 1990இல் ஏவிய ஹப்பிளின் 2.4 மீட்டர் ஆடி தன் விளிம்பில் 2.2 மைக்ரோமீட்டர் அளவுக்குத் தட்டையாகிப்போயிருந்தது. அந்த நூலிழைப் பிழையால் விண்மீன்கள் எல்லாம் மசமசத்தன. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் போய்த் திருத்தும் கருவிகளைப் பொருத்தினார்கள். அதே 2.2 மைக்ரோமீட்டர் பிழை ஊட்டிக் கம்பிகளில் இருந்தால் உலகம் முடியும்வரை யாருக்கும் தெரியப்போவதில்லை. நல்ல ஆடி, கெட்ட ஆடி என்று தனியாக எதுவும் இல்லை. 92 சென்டிமீட்டருக்கு நல்லது, அரை மைக்ரோமீட்டருக்குக் கெட்டது என்றுதான் பேச முடியும்.

எக்ஸ் கதிரிடம் வந்தால் பாடநூல் ஆடி முழுவதும் கைவிரித்துவிடுகிறது. நேருக்கு நேர் விழும் எக்ஸ் கதிரை ஒரு வெறும் உலோகப் பரப்பு அநேகமாகத் திருப்புவதே இல்லை, அது உள்ளே புகுந்துவிடும். ஆனால் அதே கதிர் பரப்பை உரசிக்கொண்டு, ஒரு பாகை அளவுக்குச் சாய்ந்து வந்தால் திரும்பும். எக்ஸ் கதிருக்கு உலோகத்தின் ஒளிவிலகல் எண் ஒன்றைவிடச் சற்றுக் குறைவு என்பதால் முழு அக எதிரொளிப்பின் மறுதலை அங்கே நடக்கிறது. ஹான்ஸ் வோல்ட்டர் 1952இல் இதை வைத்து ஆடிகளின் வடிவத்தை வகுத்தார். கதிரை உரசவிட வேண்டியிருப்பதால் ஆடி கிண்ணமாக இருக்க முடியாது, குழாயாகிவிடுகிறது. ஒரு குழாய் பிடிக்கும் கதிர் மிகக் கொஞ்சம் என்பதால் பல குழாய்களை ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்குகிறார்கள்.

2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவிய ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளைப் பார்த்தால் இந்த முழு வழக்கும் ஒரே சட்டகத்தில் தெரியும். அதன் புற ஊதாத் தொலைநோக்கி நாம் அறிந்த வகை: ஏறத்தாழ 38 சென்டிமீட்டர் அகலக் கிண்ண ஆடிகள். அதன் பக்கத்தில் இருக்கும் மென் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கியில் தங்கம் பூசிய மெல்லிய தகடுகள் 40 அடுக்காக, ஒரே மையத்தைச் சுற்றி அமர்ந்திருக்கின்றன. இரண்டு மீட்டர் தள்ளிக் குவியம். அங்கேயே இன்னொரு கருவி அதைவிட ஆற்றல் மிக்க எக்ஸ் கதிரைப் பார்க்கிறது. அதில் ஆடியும் இல்லை, லென்ஸும் இல்லை. துளைகள் கொண்ட டாண்டலத் தகடு ஒன்றின் நிழல் உணரிமேல் விழும்; அந்த நிழலின் கோலத்தை வைத்துக் கதிர் வந்த திசையைக் கணக்கிடுகிறார்கள். ஒரே செயற்கைக்கோள், ஒரே வானம், அலைநீளம் மாற மாறக் கிண்ணம் குழாயாகி, குழாய் நிழலாகிவிடுகிறது. 2008 முதல் சுற்றிவரும் ஃபெர்மி காமாக் கதிர்த் தொலைநோக்கியில் குவிக்கும் முயற்சியே கிடையாது.

இங்கே தங்கம் மறுபடி வந்ததைக் கவனிக்க வேண்டும். ஜேம்ஸ் வெப்பில் தங்கம் அகச்சிவப்பைத் திருப்புவது அதன் கட்டற்ற எலெக்ட்ரான்கள் மெதுவான அலைக்கு ஈடுகொடுத்து அதிர்வதால். ஆஸ்ட்ரோசாட்டில் அது எக்ஸ் கதிரைத் திருப்புவது எலெக்ட்ரான்கள் அடர்த்தியாக நெருங்கியிருப்பதால், அதுவும் உரசும் கோணத்தில் மட்டும். இரு முனைகளிலும் ஆடி, நடுவில் நீலத்திலும் புற ஊதாவிலும் ஆடி அல்ல. ஒரே உலோகம்தான்.

இனி லென்ஸின் பக்கம். அதன்மேல் சுமத்திய பழி பெரிது, அந்தப் பழியைத் தொடங்கிவைத்தவரும் பெரியவர். வெண்ணிற ஒளியைப் பிரித்துக்காட்டிய நியூட்டன், எல்லா ஊடகங்களிலும் விலகலும் நிறப்பிரிகையும் ஒரே விகிதத்தில்தான் நடக்கும் என்று முடிவுகட்டினார். அப்படியானால் ஒரு லென்ஸின் நிறப்பிறழ்ச்சியை இன்னொரு லென்ஸால் ஈடுகட்டவே முடியாது. ஆகவே அவர் லென்ஸைக் கைவிட்டு 1668இல் ஆடித் தொலைநோக்கி செய்தார். கருவி அருமையானது, காரணம் தவறானது. கிரௌன் கண்ணாடியும் ஃபிளின்ட் கண்ணாடியும் நிறத்தைப் பிரிக்கும் விகிதம் வேறு வேறு. செஸ்டர் மூர் ஹால் 1730 வாக்கில் இரண்டையும் இணைத்து நிறப்பிறழ்ச்சியை அடக்கிக் காட்டினார். ஜான் டாலண்ட் 1758இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். நியூட்டன் சொல்லிவிட்டார் என்பதற்காக இடையில் எத்தனை பேர் முயலாமலே இருந்தார்களோ! அவர் திருத்தப்பட்டு இரண்டரை நூற்றாண்டுக்கு மேல் ஆனபின்னும் நம் ஒப்பீட்டு அட்டவணைகள் அந்தத் தவறான காரணத்தையே எழுதிக்கொண்டிருக்கின்றன என்பதுதான் எனக்கு வருத்தம்.

காலாவதியானதாகச் சொல்லப்படும் லென்ஸ் 19ஆம் நூற்றாண்டில் என்னென்ன செய்தது? விண்மீனின் தூரத்தை முதன்முதலில் நம்பகமாக அளந்து பெஸ்ஸல் 1838இல் அறிவித்தது ஃபிரான்ஹோஃபர் பட்டறை லென்ஸ் கருவியால். 1846இல் பெர்லினில் நெப்டியூனைக் கண்டதும் ஃபிரான்ஹோஃபர் லென்ஸ்தான். 1877இல் செவ்வாயின் இரு நிலாக்களையும் ஆசஃப் ஹால் கண்டது 26 அங்குல லென்ஸில். பிறகு ஏன் பெரிய லென்ஸ்கள் நின்றுபோயின? எஞ்சிய நிறப்பிறழ்ச்சிக்கும் அதில் பங்குண்டு, மறுக்கவில்லை. ஆனால் முதன்மைக் காரணம் எடை. ஆடியைப் பின்புறம் முழுக்கத் தாங்கிப் பிடிக்கலாம். லென்ஸை விளிம்பில் மட்டுமே பிடிக்க முடியும், பெரிதானால் தன் பாரத்திலேயே தொய்யும். ஒளி உள்ளே புகுந்து வர வேண்டியிருப்பதால் கண்ணாடி முழுவதும் குமிழி இல்லாமல், கோடு இல்லாமல் இருக்க வேண்டும். 1897இல் யெர்க்ஸ் வானாய்வகத்தில் 40 அங்குலத்தோடு அந்தப் போட்டி நின்றது. தொய்வுக்குக் கிடைத்த தோல்வியை நிறத்தின் கணக்கில் எழுதுவது நியாயமில்லை.

கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில் கால்சியம் அயனி உமிழும் 393 நானோமீட்டர் ஊதா ஒளியில் சூரியனைப் படமெடுக்கும் வேலை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆரம்பித்துத் தலைமுறை தலைமுறையாக நடந்தது. அந்தப் பிம்பத்தை உருவாக்கியது யார்க் நகர் குக் நிறுவனத்தின் 30 சென்டிமீட்டர் மூவடுக்கு லென்ஸ். சூரியனின் காந்தச் செயல்பாட்டை நூறாண்டு நீளத்துக்குப் பின்னோக்கிப் பார்க்க விரும்புகிறவர்கள் இன்று அந்தப் படங்களைத்தான் தேடிப் போகிறார்கள்.

கண்ணுக்குத் தெரியும் ஒளியை விட்டு வெளியே போனால் லென்ஸின் இடம் இன்னும் விரிகிறது. காய்ச்சல் பார்க்கவும் மின்கம்பியின் சூட்டைக் காணவும் பயன்படும் வெப்பக் கேமராவின் முன்புறத்தை உற்றுப் பாருங்கள். கருஞ்சாம்பல் நிறத்தில், உலோகம்போல் பளபளக்கும் ஒரு வட்டம் இருக்கும். அதில் உங்கள் முகம் மங்கலாகத் தெரியும். அது ஜெர்மானியம். உங்கள் கண்ணுக்கு ஆடி, 10 மைக்ரோமீட்டர் வெப்பக் கதிருக்கு லென்ஸ். ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 4. நிறப்பிரிகை அந்தப் பட்டையில் மிகக் குறைவு. அதே கேமராவை ஜன்னல் கண்ணாடிமுன் பிடித்தால் வெளியே இருப்பது தெரியாது, கண்ணாடியில் பட்டுத் திரும்பும் உங்கள் உடல் வெப்பமே தெரியும். நமக்கு ஊடுருவித் தெரியும் கண்ணாடி அதற்குச் சுவர். ஆடி, லென்ஸ் என்ற பிரிவே அலைநீளத்தைச் சொல்லாமல் நிற்காது என்பதற்கு இதைவிடக் கண்ணெதிரான சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

எக்ஸ் கதிரை லென்ஸால் குவிக்க முடியாது என்றுதான் அதைக் கண்டறிந்த ரான்ட்ஜன் காலம் முதல் எண்ணப்பட்டது. 1996இல் கிரெனோபிள் துகள்முடுக்கி ஆய்வகத்தில் அனத்தோலி ஸ்னிகிரெவ் குழுவினர் அலுமினியத் துண்டில் வரிசையாகத் துளைகள் போட்டு எக்ஸ் கதிரைக் குவித்துக் காட்டினார்கள். ஒளிவிலகல் எண் ஒன்றைவிடக் குறைவு என்பதால் அங்கே குவிக்கும் லென்ஸ் குழிந்திருக்கிறது. ஒரு துளை போதாது, பல வேண்டும்.

லென்ஸ் உண்மையிலேயே தோற்கும் இடமும் உண்டு. நவீன சில்லுகளைப் பொறிக்கப் பயன்படும் 13.5 நானோமீட்டர் ஒளியை எல்லாப் பொருளும், காற்றும்கூட, விழுங்கிவிடும். அங்கே ஆடி மட்டுமே வழி. ஆனால் அது எப்படிப்பட்ட ஆடி? மாலிப்டினமும் சிலிக்கானும் மாறி மாறி, நானோமீட்டர்க் கணக்கில் பல டஜன் அடுக்குகள். எல்லா அடுக்கிலிருந்தும் திரும்பும் அலைகள் ஒத்திசையும் வகையில் தடிமனை 13.5க்கென்றே அமைத்திருக்கிறார்கள். சற்று விலகிய அலைநீளத்தை அது ஏற்காது. ஏற்கும் அலைநீளத்திலும் 70 விழுக்காடு அளவுக்குத்தான் திரும்பும். பத்து ஆடிகளில் பட்டு வந்தால் மூன்று விழுக்காடுகூட மிஞ்சாது. நிறப் பேதம் பார்க்காததாகச் சொல்லப்படும் ஆடி, ஒரேயொரு நிறத்துக்காகப் பிறந்து நிற்கிறது இங்கே.

இதெல்லாம் ஆய்வகச் சங்கதி, கண்ணால் வானம் பார்ப்பவருக்கு ஆடிதான் நிறப்பிழையற்றது என்று சிலர் பதில் சொல்வார்கள். அவர்கள் தங்கள் நியூட்டன் வகைத் தொலைநோக்கியின் கண்ணருகு முனையைப் பார்க்கட்டும். அங்கே இருப்பது லென்ஸ். அதைத் தாண்டினால் கண்ணின் லென்ஸ். மனிதக் கண்ணில் ஊதாவும் சிவப்பும் குவியும் இடங்களுக்கு இடையே ஏறத்தாழ 2 டயாப்டர் வேறுபாடு இருக்கிறது. மூக்குக்கண்ணாடி போட வேண்டிய அளவு. விழித்திரையின் அமைப்பும் மூளையும் அதைச் சமாளித்து நமக்குத் தெளிவான உலகத்தைக் காட்டுகின்றன. ஆடியில் தொடங்கும் பார்வை எதுவும் லென்ஸைத் தொடாமல் நம்மிடம் வந்து சேர்வதில்லை.

பெரிய ஆய்வகங்களும் அப்படித்தான். சிலியில் 2025 ஜூனில் முதல் படங்களை வெளியிட்ட வேரா ரூபின் வானாய்வகத்தின் ஆடி 8.4 மீட்டர். நிலாவின் அகலத்தைப்போல் ஏழு மடங்கு வானத்தை ஒரே படத்தில் விளிம்புவரை கூர்மையாகக் காட்ட ஆடிகள் மட்டும் போதவில்லை. அதன் கேமராவில் மூன்று பெரிய லென்ஸ்கள் இருக்கின்றன. அவற்றில் முதலாவது ஒன்றரை மீட்டருக்கு மேல் அகலம், யெர்க்ஸ் லென்ஸைவிடப் பெரியது. லென்ஸின் காலம் 1897இல் முடிந்தது என்று வகுப்பில் சொல்கிறவர்கள் இந்தச் செய்தியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நான் கேட்பது பெரிய பாடத்திட்ட மாற்றம் அல்ல. 'லென்ஸ், ஆடி: எது சிறந்தது?' என்ற கேள்வியை வினாத்தாளிலிருந்து எடுத்துவிடுங்கள். அதன் இடத்தில் இப்படிக் கேளுங்கள்: மூன்று சென்டிமீட்டர் இடைவெளியில் கம்பி கட்டிய ஊட்டித் தொலைநோக்கி 92 சென்டிமீட்டர் அலையைக் குவிக்கிறது, சூரிய ஒளியைக் குவிக்கவில்லை, ஏன்? ஒரு சென்டிமீட்டர் அலையைக் குவிக்க வேண்டுமானால் அதில் எதை மாற்றுவீர்கள்? பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் இதற்கு விடை எழுதுவார்கள்.